அடக்கம் யாருடையது?

குண்டாக இருப்பவருக்கு அறிவுரை சொல்ல நம் ஊரில் யாருக்கும் தகுதிச் சான்றிதழ் தேவையில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லலாம், கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத மாமி சொல்லலாம், சட்டைக்கு அளவெடுக்கும் தையல்காரரும் சொல்லலாம். வெறும் வயிற்றில் வெந்நீரும் தேனும், இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, விடியற்காலையில் நடை, வாரம் இருமுறை கொள்ளு ரசம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழியே கைவசம் இருக்கும்போது படிப்பு எதற்கு? எல்லா அறிவுரைகளையும் பிழிந்தால் மிஞ்சுவது ஒன்றுதான்: வாயைக் கட்டினால் வயிறு தானாகக் குறையும்.

கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது. குட்டையாக இருப்பதற்கோ தலையில் வழுக்கை விழுவதற்கோ நாம் யாரையும் குற்றம் சொல்வதில்லை. உடல் பருத்தால் மட்டும் அது அவரே தேடிக்கொண்ட வினையாகிவிடுகிறது. சோம்பேறி, நாக்குக்கு அடிமை, கட்டுப்பாடு இல்லாதவர் என்று வரிசையாகப் பட்டம் கட்டுகிறோம். மெலிந்த உடம்புக்காரருக்கோ மாலை மரியாதை: 'மனுஷர் எதிலும் அளவோடு இருப்பார்.' இடுப்பளவை வைத்துக் குணத்தை எடைபோடும் இந்த வழக்கத்தை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்டதில்லை. இப்போது அந்தக் கணக்கைக் குழப்ப ஒரு பேனா வந்து சேர்ந்திருக்கிறது.

ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம். வாரம் ஒருநாள் வெளியே எடுத்து, மூடியைக் கழற்றி, மெல்லிய ஊசியொன்றை முனையில் திருகி, அடிக்குமிழைக் குறித்த அளவுக்குத் திருப்புகிறார்கள். தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி வயிற்றுத் தோலில் குத்தி, குமிழை அழுத்தி, அளவுக்கட்டத்தில் சுழியம் தெரிந்த பிறகும் ஊசியை உடனே உருவாமல் ஆறு வரை எண்ணுகிறார்கள். போன வாரம் இடப்பக்கம் என்றால் இந்த வாரம் வலப்பக்கம். அவ்வளவுதான், அடுத்த வாரம் அதே கிழமை வரை வேலை முடிந்தது. உள்ளே இருப்பது செமாக்ளூடைட் அல்லது டிர்செபடைட். எடையைக் குறைப்பதற்கென்று செமாக்ளூடைட் 'வெகோவி' என்ற பெயரில் 2021 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டிர்செபடைட் 2023 நவம்பரில். இந்திய மருந்துக் கடைகளுக்கு டிர்செபடைட் 'மவுன்ஜாரோ'வாக 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் வந்தன.

இந்த மருந்தின் கதை நம் குடலில் தொடங்குகிறது. சாப்பாடு உள்ளே போனதும் குடலின் சுவரிலுள்ள சில செல்கள் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும். இரைப்பை மெல்லக் காலியாகும்படி பார்த்துக்கொள்ளும். மூளைக்குப் 'போதும்' என்று சேதி அனுப்பும். 1980களில் பாஸ்டனில் ஜோயல் ஹேபனரும் ஸ்வெட்லானா மொய்சொவும், கோபன்ஹேகனில் யென்ஸ் ஹோல்ஸ்டும் இதை அடையாளம் கண்டு ஆராய்ந்தார்கள். மருந்தாக்க ஆசைப்பட்டவர்களுக்கு ஒரே இடையூறு. இரத்தத்தில் அதன் ஆயுள் சுமார் இரண்டு நிமிடம். உடலிலுள்ள நொதியொன்று அதை உடனே வெட்டிப்போட்டுவிடும்.

வழி காட்டியது ஒரு பல்லி. அரிசோனாப் பாலைவனத்தில் வாழும் கீலா என்ற நச்சுப்பல்லி வருடத்தில் சில தடவை மட்டுமே இரை எடுக்கும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த ஜான் எங் என்ற மருத்துவர், அதன் நஞ்சில் ஜி.எல்.பி.-1ஐப் போன்ற, ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளை 1990களின் தொடக்கத்தில் கண்டெடுத்தார். அதன் வழியில் பிறந்த எக்ஸனடைட் 2005இல் சர்க்கரை நோய்க்கு மருந்தானது. நாளைக்கு இரண்டு ஊசி. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தில் லோட்டே நுட்சன் குழுவினர் வேறு வழியில் போனார்கள். மனித ஹார்மோனிலேயே சிறு மாற்றம் செய்து, அதோடு ஒரு கொழுப்பமில வாலைச் சேர்த்தார்கள். அந்த வால் இரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு சுற்றிவரும். நொதியின் கைக்கு எளிதில் அகப்படாது. முதலில் தினசரி ஊசியாக லிராக்ளூடைட், பிறகு வார ஊசியாக செமாக்ளூடைட். ஹேபனர், மொய்சொவ், நுட்சன் மூவருக்கும் 2024இல் லாஸ்கர் விருது கிடைத்தது. குடல் அனுப்பும் இரண்டு நிமிடச் சேதியை ஒரு வாரம் நீடிக்கவைக்க மனிதருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு பிடித்தது.

அந்தச் சேதி ஒரு வாரம் நீடித்தால் உள்ளே என்ன நடக்கும்? ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியம்மா மகள், சர்க்கரையும் முழங்கால் வலியும் சேர்ந்து படுத்தியதால், மருத்துவர் சொல்லி இந்த ஊசியைத் தொடங்கினார். சில மாதங்கள் கழித்து எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். அவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. "பக்கத்து வீட்டு ரேடியோவை யாரோ நிறுத்தின மாதிரி இருக்குடா. நிறுத்தின பிறகுதான் இத்தனை வருஷமா அது ஓடிட்டிருந்ததே தெரியுது" என்றார். "முறுக்கு டப்பா அதே அலமாரியிலதான் இருக்கு. முன்னெல்லாம் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டுட்டே இருக்கும். எழுந்து போய் ரெண்டு எடுத்துட்டு வந்தாத்தான் தூக்கம். இப்ப கூப்பிடறதில்ல." கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "ஏன்டா, உன்னை அது கூப்பிட்டதே இல்லையா?"

இல்லை, கூப்பிட்டதில்லை. என் வீட்டு அலமாரியிலும் முறுக்கு இருக்கிறது. மூடிய டப்பா எனக்கு மூடிய டப்பாதான். அவரும் நானும் ஒரே பாட்டி கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நாற்பது வருடம் வகுப்பறையையும் குடும்பத்தையும் சேர்த்துக் கட்டியாண்ட பெண்மணிக்கு மன உறுதி இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனாலும் குடும்பத்தில் 'அளவாகச் சாப்பிடுகிறவன்' என்ற நல்ல பெயர் எனக்கு. 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்ற பெயர் அவருக்கு. அவர் தினமும் ஒரு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சண்டையே நேர்ந்ததில்லை.

அவர் சொன்னதற்கு ஆய்வுக்கூடச் சாட்சியும் உண்டு. செமாக்ளூடைட்டுக்காக நடந்த முதன்மையான சோதனையின் முடிவு 2021இல் வெளிவந்தது. எடை மிகுந்த, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 1,961 பேர், 68 வாரம். எல்லோருக்கும் ஒரே உணவுத் திட்டம்: நாளொன்றுக்கு 500 கலோரி குறைவு. எல்லோருக்கும் ஒரே உடற்பயிற்சி: வாரத்துக்கு 150 நிமிடம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசகரோடு பேச்சு. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஒரு பிரிவினரின் ஊசியில் மருந்து இருந்தது. மற்றவர்களின் ஊசியில் இல்லை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, ஊசி கொடுத்தவர்களுக்கும் தெரியாது. முடிவில் மருந்து போனவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்திருந்தது. மருந்து போகாதவர்களுக்கு 2.4 சதவீதம்.

இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். செய்திகள் முதல் எண்ணைக் கொண்டாடின. என்னை உறுத்தியது இரண்டாவது. மருந்தில்லாத பக்கத்தில் இருந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். தாமாகவே வந்து பெயர் கொடுத்தவர்கள், ஒன்றேகால் வருடத்துக்கு மேல் வாராவாரம் தம்மைத்தாமே குத்திக்கொண்டவர்கள், ஆலோசனையும் கேட்டவர்கள். நம் ஊர் மாமியும் தையல்காரரும் சொல்லும் அறிவுரையைப் பயிற்சி பெற்றவர்கள் முறையாகச் சொல்லிக் கேட்டார்கள். அத்தனைக்கும் கிடைத்தது 2.4. நூறு கிலோ உள்ள ஒருவருக்கு இரண்டரைக் கிலோ. அறிவுரையின் எடை அவ்வளவுதான். சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்த கூட்டத்தில், ஒரு பிரிவினர் மட்டும் திடீரென்று ஒழுக்கசீலர்களாகிவிட முடியாது. மருந்து போனவர்களிலும் ஏழில் ஒருவருக்கு 5 சதவீதம்கூடக் குறையவில்லை. அவர்கள் மருந்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று பழி சொல்லவும் வழியில்லை. அவர்கள் உடல் அந்தச் சேதியை வேறு மாதிரி கேட்டது.

மன உறுதி மட்டும் போதும் என்பவர்கள் இன்னும் பழைய ஒரு சோதனையைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் சாதாரண இளைஞர்கள் அல்லர். மனச்சாட்சியின் பேரால் துப்பாக்கி ஏந்த மறுத்தவர்கள். நாடே போர்வெறியில் இருந்தபோது தனித்து நின்றவர்களின் மன உறுதியைச் சந்தேகிக்க முடியாது. அவர்கள் என்ன ஆனார்கள்? சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து கட்டு அவிழ்ந்ததும் வயிறு நிறைந்த பின்பும் பசி தீராமல் தின்றார்கள். போருக்கு இல்லை என்று சொல்ல முடிந்த வாயால் பசிக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை.

அது ஏன் என்று பின்னால் தெரிந்தது. 1994இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தது. அதைச் சுரப்பது கொழுப்பே. கொழுப்பு கரையக் கரைய லெப்டின் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் வந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு பசியைக் கிளப்புகிறது, செலவைச் சுருக்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்த கெவின் ஹால் குழு 2016இல் எழுதியது: பலருக்கும் எடை திரும்பிவிட்டது, உடல் ஓய்வில் எரிக்கும் சக்தியோ அவர்கள் உடம்புக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றுவிட்டது. பஞ்சத்தைத் தாண்டி வந்த மூதாதையரின் உடல் இது. இழந்ததை மீட்கும் வரை அது ஓய்வதில்லை. எடையைக் குறைக்கிறவர் தன் நாக்கோடு மட்டும் மல்லுக்கு நிற்கவில்லை. தன்னைக் காப்பாற்றத் துடிக்கும் தன் உடலோடு மல்லுக்கு நிற்கிறார்.

இதனால்தான் ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது. முன்பு சொன்ன செமாக்ளூடைட் சோதனையில் மருந்தை நிறுத்திய பின் ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறியது. 'பார்த்தீர்களா, குறுக்குவழியின் லட்சணம்!' என்று இதைக் காட்டிச் சிரிப்பவர்கள் உண்டு. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினாலும் அழுத்தம் ஏறத்தான் செய்கிறது. அங்கே யாரும் சிரிப்பதில்லை. மாத்திரையைத் தவறவிடாதீர்கள் என்கிறோம். ஒரு நோய்க்கு நிம்மதியாக மருந்து சாப்பிடலாம், இன்னொன்றுக்குச் சாப்பிட்டால் ஏமாற்று வேலை என்றால், இரண்டாவதை நாம் இன்னும் நோயாக ஒப்புக்கொள்ளவில்லை என்று பொருள். தண்டனையைத் தப்பித்துவிட்டாரே என்ற ஆதங்கம்தான் 'குறுக்குவழி' என்ற பேச்சாக வெளிப்படுகிறது.

நம் மரபு என்ன சொல்கிறது? திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. மருந்தைவிட உணவைப் பற்றித்தான் அதில் அதிகம். முன் உண்டது செரித்ததா என்று பார்த்து, நன்றாகப் பசித்த பின், அளவறிந்து உண் என்பதே அதன் சாரம். இரண்டாயிரம் ஆண்டாகச் செல்லுபடியாகும் அறிவு. ஆனால் அது ஒன்றை நம்பி நிற்கிறது: உன் பசி உன்னிடம் உண்மையைச் சொல்கிறது என்பதை. பலருக்குச் சொல்கிறது. சிலருக்குப் பசியே பொய்ச் சாட்சி சொன்னால் என்ன செய்வது? வயிறு நிறைந்த பிறகும் பசி என்று அறிக்கை வந்துகொண்டிருந்தால், அளவறிந்து உண்பதற்கு அளவுகோல் எங்கே? அப்படிப்பட்டவருக்கு வார ஊசி வள்ளுவர் சொன்னதற்கு மாற்றாக வரவில்லை. வள்ளுவர் சொன்னதை முதன்முறையாக அவரால் கேட்டு நடக்க முடிகிற நிலையை அது உண்டாக்கித் தருகிறது.

இவ்வளவு சொன்னதால் ஆளுக்கொரு பேனா வாங்கிக் குத்திக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. எடைக் குறைப்பு மருந்துகளின் வரலாறு அழகானதல்ல. 1930களில் விற்ற டைநைட்ரோபீனால் பலருக்குக் கண்புரையையும் சிலருக்குச் சாவையும் தந்தது. ஃபென்-ஃபென் என்ற மருந்துக் கூட்டு அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டு, இதய வால்வுகளைக் கெடுப்பது தெரிந்து 1997இல் அதன் முக்கிய மருந்து திரும்பப் பெறப்பட்டது. சிபுட்ரமைன் என்ற மருந்தும் 2010இல் திரும்பப் பெறப்பட்டது. இப்போதைய மருந்துகள் அவற்றைப் போன்றவை அல்ல. 17,604 பேர் கலந்துகொண்ட சோதனையில் இதயநோய் உள்ள பருமனானவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு ஆகியவற்றை செமாக்ளூடைட் 20 சதவீதம் குறைத்ததாக 2023இல் தெரியவந்தது. என்றாலும் வாந்தி, குமட்டல், மலச்சிக்கல் பலருக்கு வரும். பித்தப்பைக் கல் வரலாம், அபூர்வமாகக் கணைய அழற்சி வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு ஆகாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண் செமாக்ளூடைட்டை இரண்டு மாதம் முன்பே நிறுத்தவேண்டும். ஏற்கெனவே இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கலாம்.

அதனால்தான் அளவை மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள். செமாக்ளூடைட் என்றால் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக ஏறி, முழு அளவான 2.4ஐத் தொட நான்கு மாதம் ஆகிறது. கல்யாணத் தேதி நெருங்குகிறதென்று படி தாண்டச் சொல்பவர்களைப் பற்றி மருத்துவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். பெண் பார்க்க வருவதற்குள் ஐந்து கிலோ குறையவேண்டும் என்று, எடையில் எந்தக் கோளாறும் இல்லாத மகளை அழைத்துக்கொண்டு வரும் அம்மாக்களும் உண்டாம். அந்தப் பெண்ணுக்கு மருந்தில்லை என்று சொல்லி அனுப்புவதும் சிகிச்சைதான்.

நல்ல மருத்துவர் ஒருவரின் அறையில் நடப்பதைப் பாருங்கள். எடை மெஷினில் ஏற்றுவதற்கு முன் அவர் சொல்வது: "கையை மார்பில் கட்டிக்கிட்டு, நாற்காலியைப் பிடிக்காம எழுந்திருங்க பார்ப்போம்." வந்தவர் எழுகிறார், மருத்துவர் உட்காரச் சொல்கிறார், மறுபடி எழச் சொல்கிறார். தொடைத் தசையில் பலம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு இடுப்பில் டேப். அதன் பிறகே எடை. குறைகிற எடையில் கணிசமான பங்கு தசையாகவும் இருக்கலாம் என்பதால்தான் இந்த வரிசை. நம் தட்டில் சோறு மலை, பருப்பு ஓரம். தட்டில் பாதியோடு கை நின்றுவிட்டால் ஏற்கெனவே போதாத புரதமும் பாதியாகும். முட்டை, மீன், சுண்டல், பயறு முதலில், சோறு பிறகு என்று அவர் வரிசையை மாற்றி எழுதுகிறார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் கைப்பயிற்சி செய்யச் சொல்கிறார்.

இந்தியரான நமக்கு இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை. புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையே மருத்துவ இதழில் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டார்கள். இருவரும் ஒல்லி, இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; யாக்னிக் உடலில் 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு பதுங்கியிருக்கும் என்பதைச் சொல்ல அந்தப் படமே போதுமாக இருந்தது. உலகக் கணக்கில் பிஎம்ஐ 30 உடல் பருமன் என்றால் இந்தியருக்கு 25 என்று நம் மருத்துவர்கள் கோட்டை இறக்கி வைத்திருப்பதும் இதனால்தான். கண்ணால் பார்த்து ஒருவரை 'கட்டுப்பாடானவர்' என்று சொல்வது எவ்வளவு அபத்தம் என்பதற்கும் அந்தப் படமே சாட்சி.

பசி அடங்கினால் நட்டமும் உண்டு. நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் தட்டு வழியாகத்தான் வருகிறது. 'சாப்பிட்டாச்சா?' என்பதே நமக்கு நலம் விசாரிப்பு. அம்மா இன்னொரு தோசையைக் கல்லில் ஊற்றும்போது 'போதும்மா' என்று ஊசிக்காரர் சொன்னால், தோசையை மட்டுமா அவர் மறுக்கிறார் என்று அம்மாவுக்குத் தோன்றும். பந்தியில் பாதியிலேயே இலையை மூடினால் சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று வீட்டுக்காரர் வாடிப்போவார். இளைத்தவரைப் பார்த்து ஊர் கேட்கும் முதல் கேள்வியோ 'என்ன, சுகரா?' சிலருக்குச் சாப்பாட்டின் ருசியே மங்கிவிடுவதாகச் சொல்கிறார்கள். பசி வெறும் எரிபொருள் அறிவிப்பு அல்லவே. நாள் முழுதும் உழைத்தவனுக்கு அது ஓர் எதிர்பார்ப்பு, பண்டிகைக்கு அது பாதி அர்த்தம். மருந்து சத்தத்தைக் குறைக்கும்போது சங்கீதத்தையும் சேர்த்துக் குறைக்கிறதா என்று ஒவ்வொருவரும் தம் மருத்துவரோடு பேசித்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு நியாயமான கேள்வி, யாருக்கு இது எட்டும் என்பது. மாதம் பல ஆயிரம் ரூபாய், அதுவும் ஆண்டுக்கணக்கில். செமாக்ளூடைட்டின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால் உள்நாட்டு நிறுவனங்களுக்கு வழி திறந்து விலை இறங்கத் தொடங்கியிருப்பது ஓர் ஆறுதல். தமிழ்நாடு இந்த விஷயத்தில் யோசிக்கவேண்டிய மாநிலம். பசியோடு வரும் பிள்ளை படிக்காது என்று 1956இல் காமராஜர் மதிய உணவைப் பரவலாக்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. அதே மாநிலத்தில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் 40.4 சதவீதம் பேரின் எடை உயரத்துக்கு மிகுதி. பள்ளியில் பசித்த பிள்ளையை 'ஏன் உனக்குப் பசிக்கிறது?' என்று நாம் கேட்கவில்லை, அடுப்பு மூட்டினோம். மிகையாகப் பசிக்கிறவரிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மணிமேகலைக் காப்பியத்தைப் பாடிய சாத்தனார் அப்படிக் கேட்கவில்லை. அதில் காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண் வருகிறாள். பொதிய மலைப் பக்கம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட, அதையே உண்டு நோன்பிருந்த முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்ற நோய் அவளைப் பற்றுகிறது. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. பன்னிரண்டு ஆண்டு அதைச் சுமந்துகொண்டு திரிகிறாள். கடைசியில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட பிடிச் சோற்றில் அந்தத் தீ அணைகிறது. தீராத பசியைக் குணக்கேடாக நினைக்காமல் நோயாகப் பார்க்க அந்தப் புலவருக்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. பசித்தவரின் முகத்தைப் பார்த்தது போதுமாக இருந்தது. நமக்குத்தான் 1,961 பேரும் 68 வாரமும் தேவைப்பட்டிருக்கின்றன.

ஒரு வார ஊசியால் ஒருவர் அடக்கம் உள்ளவராகிவிட முடியும் என்றால், ஊசி இல்லாமலே அப்படி இருக்கிறவரின் அடக்கம் எங்கிருந்து வந்தது? அவர் குடலிலிருந்து, அவர் மூளையின் அமைப்பிலிருந்து, தாய் வயிற்றில் கிடைத்த உணவிலிருந்து, தாத்தா பாட்டியின் மரபணுவிலிருந்து. அதில் அவருடைய முயற்சியின் பங்கும் இருக்கலாம். அவர் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்கு இல்லை. இந்த ஊசி போடுகிறவர்களில் சிலர் குடியின் மீதான நாட்டமும் குறைவதாகச் சொல்ல, அதையும் ஆராயத் தொடங்கிவிட்டார்கள். அப்படியானால் இது வயிற்றோடு நிற்கிற விஷயமில்லை. கோபம் வராதவர், காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பவர், புத்தகத்தை எடுத்தால் மணிக்கணக்கில் உட்கார முடிகிறவர், ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்ள முடிகிறவர் என்று நாம் மெச்சும் ஒவ்வொருவரும் தம் கணக்கை ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். சம்பாதித்தது எவ்வளவு, கையில் கொடுத்து அனுப்பப்பட்டது எவ்வளவு என்று.

இதனால் முயற்சி வீண் என்றாகிவிடாது. என் பெரியம்மா மகள் இப்போது தினமும் நடக்கிறார், சுண்டல் சாப்பிடுகிறார், நாற்காலியைப் பிடிக்காமல் எழுகிறார். அவற்றை ஊசி செய்து தரவில்லை, அவர் செய்கிறார். வித்தியாசம், அவருடைய முயற்சிக்கு இப்போது பலன் தெரிகிறது என்பதே. எனக்குப் பிறப்பிலேயே கிடைத்த சமதளம் அவருக்கு அறுபது வயதில், மருந்துச் சீட்டின் வழியாகக் கிடைத்திருக்கிறது. சமதளத்தில் நடக்கிறவன் மேட்டில் மூச்சுவாங்கி ஏறுகிறவரைப் பார்த்து, 'என்னைப் போல நட' என்று சொல்வதில் அறிவும் இல்லை, அறமும் இல்லை.

ஒருவருடைய ஒழுக்கத்தை அளக்கவேண்டுமென்றால், அவருக்கு எது கடினமோ அதில் அவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று பார்க்கவேண்டும். அந்தக் கடினம் எவ்வளவு என்பது வெளியில் நிற்கிறவருக்குத் தெரியாது. ஆகவே பிறரை அளக்கும் வேலை நமக்கு விதிக்கப்படவில்லை. நமக்கு எளிதாக வந்ததை நம் நற்குணமென்று வரவு வைத்துக்கொள்ளாமல் இருப்பது ஒன்றே நம் கையில் உள்ளது. அடக்கம் என்ற பெயருக்கு உண்மையில் தகுதியானதும் அதுதான்.